சம்பந்தி வீட்டு நாற்காலியும் அதில் குடியிருந்தவர்களும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இல்லை என்று தாங்கள் முடிவு செய்திருந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் என் மனைவியும் மகளும் உடம்பளவில் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் அவருடைய பெரியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பெரியம்மாவின் மூங்கில் கைத்தடி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சம்பந்தியம்மாவின் ஓலைப் பையும் பத்திரமாக இருக்கிறது. தங்கள் தகப்பனாரின் பிரம்பு நாற்காலிக்கு மட்டும்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். நீங்கள் எடுப்பதில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால், "அப்பா பேசற மூட்ல இல்ல மாமா. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்கறதைக் கொஞ்சம் நிறுத்தி வைன்னு சொல்லிட்டார்" என்கிறார். அவர் என்னை இன்னமும் மாமா என்று கூப்பிடுகிறார் என்பதில் எனக்கு ஆறுதல். பத்திரிகை நிற்கிறது என்பதில் என் வீட்டில் யாருக்கும் ஆறுதல் இல்லை. மகள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மனைவி பேசுகிறாள், ஆனால் அதை இங்கே எழுத முடியாது. ஆகவே நடந்தது என்ன, நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று நானே எழுதிவிடுவது நல்லது. கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு வந்தீர்கள். வேனிலிருந்து அந்தச் சாய்வு நாற்காலியை நீங்களும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி எங்கள் ஹாலின் நடுவில் வைத்தீர்கள். "இது எங்க அப்பா உட்கார்ந்த நாற்காலி. ஐஸ்கிரீம் கம்பெனி ஆரம்பிக்கணும்னு அவர் முடிவெடுத்ததே இதுல சாஞ்சுக்கிட்டுத்தான். இனிமே இது உங்க பொண்ணோடது" என்று சொன்னீர்கள். சம்பந்தியம்மா, "பேச்சு முடிஞ்சப்ப நீங்க குடுத்த மூங்கில் கூடையைக்கூட இத்தனை மாசமா இது மேலதான் வச்சிருந்தோம். வேற எதையும் வைக்க விடமாட்டார் இவர்" என்றார்கள். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தாள். அந்த இடத்தில் மூளை உள்ள எந்த மனிதனும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு டீ கொடுத்திருப்பான். நான் நாற்காலியின் முன்காலுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தேன். சலித்த மாவு போல வெளுப்பாக ஒரு சிட்டிகைத் தூள் கிடந்தது. அவ்வளவுதான், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது. "ஐயோ, உயிரோட இருக்கு!" என்று கத்திவிட்டேன்.

அதைப் பெரியம்மா எடுத்துக்கொண்ட விதம்தான் எனக்கு இன்னும் மனசை உறுத்துகிறது. அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, இவருக்குத் தெரியுது. பெரியவர் இன்னும் அதுலதான் இருக்கார்" என்றார்கள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்குப் பத்திரிகை அச்சாகி வந்திருக்கும். "பெரியவர் இல்லம்மா, வண்டு" என்று சொன்னேன். உங்கள் முகத்தில் ஈயாடவில்லை என்று மனைவி பிறகு சொன்னாள். நான் அதைக் கவனிக்கவில்லை. அப்போது நான் தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நாற்காலிக்கு அடியில் இருந்தேன்.

இங்கே என் தொழிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். பெண் பார்த்த அன்றைக்கு, "மியூசியத்தில் வேலை" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் சிலை, நாணயம், வாள் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் வேறு ஆட்களுக்கு. கல்லை யார் தின்பது? அவர்கள் சாயங்காலம் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். எனக்குக் கிடைத்தது செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்த பொருள்கள் எல்லாம் இருக்கும் சேமிப்பறை. கூடை, பாய், விசிறி, புல் தொப்பி, நார்க் கயிறு, சுரைக் குடுக்கை, மீன் பிடிக்கும் மூங்கில் பொறி, மரப்பட்டையை அடித்துச் செய்த துணி. பார்வைக்கு அது சேமிப்பறை, பூச்சியின் பார்வைக்கு அது விருந்து மண்டபம். எந்நேரமும் இலை போட்டே இருக்கிறது. நான் வாசலில் நிற்கும் காவலாளி, அவ்வளவுதான். வருகிற பொருள் எதுவானாலும் முதலில் பின்வாசல் பக்கம் உள்ள தனியறையில் பாலிதீனுக்குள் கிடக்க வேண்டும். பிறகு கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். பழைய ஓட்டை என்றால் ஒன்றும் விழாது. புதுத் தூள் விழுந்தால் உள்ளே சாப்பாடு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் இரண்டு வாரம் ஃப்ரீசரில் கிடந்துவிட்டுத்தான் அலமாரிக்கு வரும். மருந்து அடிக்கலாமே என்பார்கள். மருந்து பூச்சியைக் கொல்லும், கூடவே கூடையின் சாயத்தையும் கெடுக்கும், என்னையும் கொஞ்சம் கெடுக்கும். குளிர் யாரையும் கெடுக்காது. இதை ஐஸ்கிரீம் கம்பெனிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பழைய இயக்குநர் காலத்தில் ஊரில் ஒரு பெரிய மனிதர் தன் வீட்டுப் புல் தொப்பி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். "அவரோட தொப்பியைப் போயி சந்தேகப்படறதா?" என்று இயக்குநர் என்னைத் திட்டி, அதை நேராக அலமாரிக்கு அனுப்பிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து விருந்தாளிகள் சிலர் வந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த அலமாரியில் இருந்த மிகப் பழைய கூடை ஒன்றின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். கைப்பிடி மட்டும் வந்தது. கூடை பலகையின் மேல் தூளாக உட்கார்ந்திருந்தது. அதைப் பின்னியது யார் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆளின் கைவேலை என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை என் கண் முன்னால் இழந்தேன் சம்பந்தி. விருந்தாளிகள் போன பிறகு அந்தக் கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து யார் வீட்டுப் பொருள், எவ்வளவு பெரிய வீடு என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை. இப்போதைய இயக்குநரின் பிறந்த நாளுக்கு வந்த பூங்கொத்தையே வாசலில் நிறுத்தியவன் நான். ஆபீசில் என் பெயர் பூச்சி சார். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

வீட்டிலும் இதே கதைதான். அரிசி, பருப்பு எல்லாம் ஃப்ரீசருக்குப் போய் வந்த பிறகுதான் டப்பாவுக்குள் நுழையும். புதுத் துடைப்பம் வாங்கினால் அதுவும் இரண்டு வாரம் உள்ளே இருந்துவிட்டுத்தான் வேலைக்குச் சேரும். அந்த நாட்களில் ஃப்ரீசர் கதவின் விளிம்பில், திறந்தால் கிழியும்படி, 'திறக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிடுவேன். என் மனைவி கல்யாணமான புதிதில் ஐஸ் கட்டி எடுக்கப் போய் உள்ளே ஒரு துடைப்பத்தைப் பார்த்துவிட்டு, தன் அப்பாவுக்கு ஃபோன் செய்தாளாம். அவர், "பொறுத்துக்கோம்மா, குடிக்கிற பழக்கம் இல்லையே" என்று சொன்னாராம். அந்த ஒரு நற்சான்றிதழை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

மீண்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சட்டைப் பையில் எப்போதும் மடித்து வைத்திருக்கும் கறுப்புக் காகிதத்தை விரித்து, நாற்காலியின் காலைத் தட்டினேன். தூள் கொட்டியது. தூளோடு ஒரு வண்டும் விழுந்தது, அரை அரிசி அளவுதான் இருக்கும். அதை எல்லோருக்கும் கையில் வைத்துக் காட்டியது தப்பு என்று இப்போது தெரிகிறது. பிறகு சம்பந்தியம்மாவின் ஓலைப் பையைப் பார்த்தேன். அது நாற்காலிக்குப் பக்கத்தில் வேனில் வந்திருக்கிறது. "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, பாலிதீனுக்குள் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, டேப் ஒட்டிவிட்டேன். அவர்களுடைய ஃபோன் உள்ளே இருந்தது. அது அடிக்க ஆரம்பித்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம், ஆனால் ஒட்டிய உறையை நடுவில் பிரிப்பது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை. சம்பந்தியம்மா பாலிதீனுக்கு மேலேயே விரலால் தேய்த்து ஃபோனை எடுத்து, "அப்புறம் பேசறேன், இங்க ஒரு சின்னப் பிரச்சினை" என்று சொன்னார்கள். சின்னப் பிரச்சினை என்று சொன்ன அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். கைத்தடி விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் வாங்கினேன். எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

நாற்காலியை இரண்டு சுற்று பாலிதீனால் சுற்றியபோது மாப்பிள்ளைதான் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். தயவுசெய்து அதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம். பிடி என்று நான் சொன்னேன், பிடித்தார். அப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததற்கு நீங்கள் பெருமைப்பட வேண்டும். கடைசியில் சிவப்பு மார்க்கரால் தேதி போட்டு, 'தனிமைப்படுத்தப்பட்டது, தொடாதீர்கள்' என்று எழுதினேன். அப்போதுதான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். உங்கள் அப்பாவின் நாற்காலியைத் தலை முதல் கால் வரை சுற்றிக் கட்டி, ஹாலின் நடுவில் கிடத்தியிருந்தேன். நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டீர்கள். "டீ சாப்பிட்டுட்டுப் போங்க" என்று என் மனைவி ஓடிவந்தாள். "அதையும் சுத்திக் குடுங்க, போற வழியில குடிச்சுக்கறோம்" என்றீர்கள். நியாயமான பேச்சு. நானாக இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன்.

எல்லோரும் போன பிறகு மகள் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்க எதையாவது தட்டிப் பாக்காம இந்த வீட்டுக்குள்ள விட்டிருக்கீங்களா?" அதற்குப் பதிலை உங்களிடமே சொல்கிறேன். உங்கள் மகனை விட்டேன். முதல் முறை வந்தபோது வாசலில் நின்று, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டார். என்னமோ தெரியவில்லை, பார்த்த மாத்திரத்தில் வாங்க என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. இத்தனை வருடத்தில் தனிமைப்படுத்தாமல் நான் உள்ளே விட்டது அவர் ஒருவரைத்தான். அதற்குப் பிறகு என் மகள் வீட்டுக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அது தாங்கவில்லை சம்பந்தி.

அப்புறம் மியூசியத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். திங்கட்கிழமை நாற்காலியை அங்கே கொண்டுபோய்த் தனியறையில் வைத்தேன். எங்கள் ஃப்ரீசர் பெட்டி மாதிரி மேலே திறப்பது. கூடையும் விசிறியும் தாராளமாகப் போகும். உங்கள் அப்பா கையை நீட்டிச் சாய்ந்தவர் போலிருக்கிறது, நாற்காலியின் இரண்டு கைகளும் வெளியே நீட்டிக்கொண்டன. நேராக, தலைகீழாக, ஒருக்களித்து எல்லா விதமாகவும் இறக்கிப் பார்த்தோம். எங்கள் தச்சர், "கையை மட்டும் அறுத்துட்டா அம்சமா உள்ள போயிடும் சார்" என்றார். அவரைத் துரத்திவிட்டு, இதற்கு என்ன வழி என்று யோசிக்க நான் பத்து அடி நகர்ந்ததுதான் தாமதம், பதிவுப் பிரிவு அம்மையார் அந்தப் பக்கம் வந்திருக்கிறார். தனியறை, பாலிதீன், என் கையெழுத்தில் தேதி. புதிதாக வந்த பொருள் என்று முடிவு கட்டி, நாற்காலியின் காலில் ஓர் எண் சீட்டைக் கட்டிவிட்டார். அந்தச் சீட்டு கட்டின பொருள் அரசாங்கச் சொத்து, ஞாபகமிருக்கட்டும். நான் போய்ப் பார்த்தபோது இயக்குநர் வேறு அங்கே நின்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையான பிரம்பு வேலை. யாரு குடுத்தது?" என்றார்.

"என் சம்பந்தி சார். ஆனா அவர் குடுத்தது உங்களுக்கு இல்ல."

"ரொம்ப அடக்கமான மனுஷன் போலிருக்கு. நடுக் கூடத்துல வச்சிடுவோம். யாரும் உட்காராம கயிறு கட்டணும். நன்றிக் கடிதம் இன்னைக்கே போயிடணும்."

ஆகவே, மியூசியத்திலிருந்து, 'தங்கள் குடும்பச் சொத்தைத் தேசத்திற்கு வழங்கிய பெருந்தன்மைக்கு' என்று ஆரம்பிக்கும் கடிதம் ஒன்று உங்களுக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டுவிடவும். நான் இயக்குநரின் அறையில் நாற்காலியில்கூட உட்காராமல் நின்று, பெண், கல்யாணம், பத்திரிகை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். "முதல்ல சீட்டை அவுருங்க. அப்புறம் நீங்க இந்த வாரம் லீவு எடுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு வீட்ல இருங்க" என்றார். சீட்டை அவிழ்த்தாகிவிட்டது. நாற்காலி இப்போது மறுபடியும் உங்களுடையதுதான், அதாவது என் மகளுடையது, அதாவது தாங்கள் மனது வைத்தால்.

இப்போது கொஞ்சம் உரிமையோடு சில விஷயங்களைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டு வருவது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. எவ்வளவு சுத்தமான வீட்டிலும் வரும். வீட்டைப் பெருக்குகிறார்களா, துடைக்கிறார்களா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, அல்லது ரொம்பக் கொஞ்சம்தான் உண்டு. எங்கிருந்தோ ஒரு பொருள் வீட்டுக்குள் வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். எல்லோரும் என்னைப் போல இருக்க முடியாதே. என் வீட்டில் இப்படி ஒன்று நடக்கவே வாய்ப்பில்லை என்று நான் சொல்லிக்காட்டுவதாக நினைக்க வேண்டாம். உண்மை அதுதான் என்றாலும், சொல்லிக்காட்ட மாட்டேன். தாங்கள் சம்மதித்தால் ஒருநாள் டார்ச்சோடும் கறுப்புக் காகிதத்தோடும் உங்கள் வீட்டுக்கு வந்து, கட்டில், மேசை, கதவு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, எங்கிருந்து ஆரம்பித்தது என்று கண்டுபிடித்துக் கொடுக்கிறேன். இதற்கெல்லாம் நான் வெளியாட்கள் வீட்டுக்குப் போவதில்லை. நீங்கள் என்பதால் வருகிறேன்.

அடுத்ததாக ஒரு வேண்டுகோள். இதைக் கேட்கவே கூடாது என்று என் மனைவி தடை போட்டிருக்கிறாள், அவள் இப்போது சமையலறையில் இருக்கிறாள். நம் பேச்சு முதன்முதலில் நடந்த அன்று, உங்கள் கம்பெனியின் குளிரறை மைனஸ் முப்பது டிகிரி வரை போகும் என்றும், அதற்குள் ஒரு லாரியையே நிறுத்தலாம் என்றும் நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்கு மயிர் சிலிர்த்தது. "பையன் வீடு பரவால்லையா?" என்று மனைவி ராத்திரி கேட்டபோது, "மைனஸ் முப்பது!" என்று சொன்னேன். பொண்ணைக் கட்டிக் குடுக்கறீங்களா, ஃப்ரீசருக்குக் குடுக்கறீங்களா என்று அவள் அன்றைக்குப் பிடித்த சண்டை இன்னும் ஓயவில்லை. சம்பந்தி, அந்தக் குளிரறையைக் கட்டியது உங்கள் அப்பா. அவருடைய நாற்காலி அதில் ஒரு மூலையில் சுற்றிய பாலிதீனோடு கொஞ்ச நாள் கிடந்தால், உள்ளே இருக்கிற வண்டு, புழு, முட்டை எல்லாம் ஒழிந்துபோகும். ஒரு இழை பிரம்பு கெடாது. ஐஸ்கிரீமுக்கும் ஒன்றும் ஆகாது. எந்த மனிதர் அதில் சாய்ந்தபடி அந்தக் கம்பெனியை நினைத்தாரோ, அவருடைய நாற்காலியை அந்தக் கம்பெனியே காப்பாற்றட்டும். என் மகள் அதில் உட்கார வேண்டும். அவளுக்குப் பிறகும் யாராவது உட்கார வேண்டும். கைப்பிடி மட்டும் மிஞ்சிய ஒன்றை நான் அவளுக்குக் கொடுக்க மாட்டேன். அதற்காகத்தான் அன்று அவ்வளவு ஆட்டம் ஆடினேன், வேறு எந்த எண்ணமும் இல்லை.

கோபத்தை விட்டுவிட்டு, பத்திரிகையை அச்சுக்கு அனுப்பி, முன்போலவே எங்களைச் சொந்தமாக நினைக்க வேண்டுகிறேன். பெரியம்மாவுக்கு என் வணக்கத்தையும் மன்னிப்பையும் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். எல்லா வளமும் பெற்று, பூச்சி பொட்டு அண்டாமல், உங்கள் குடும்பம் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை எதிர்பார்க்கும் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, உறை எடுப்பதற்காக ஹால் அலமாரியின் மேல் இருக்கும் மூங்கில் கூடையை இறக்கினேன். உறை, தபால்தலை எல்லாம் என் மனைவி அதில்தான் போட்டு வைப்பாள். பேச்சு முடிந்தபோது உங்களுக்குக் கொடுத்த கூடைக்கு இது ஜோடி. இரண்டையும் ஒன்றாக வாங்கினோம், ஒன்று உங்களுக்கு, ஒன்று எங்களுக்கு. கூடையைக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டு எடுத்தேன். கடிதத்தில் வட்டமாக, வெளுப்பாக, சலித்த மாவு போலத் தூள்.

மனைவியைக் கூப்பிட்டேன். நான் போட்ட சத்தத்தில் மகளும் வந்தாள். "இந்த ரெண்டு கூடையையும் நானே ஃப்ரீசர்ல வச்சு, நானே கதவுல சீட்டு ஒட்டினேனே, எப்படி வந்தது?" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மனைவி சொன்னாள், "நீங்க கூடையை உள்ள வச்ச அன்னைக்குச் சாயங்காலமே சம்பந்தி வீட்ல இருந்து பெரிய டப்பா நிறைய ஐஸ்கிரீம் குடுத்தனுப்பினாங்க. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. ஐஸ்கிரீமை வெளிய வச்சா உருகிடும், கூடையை வெளிய வச்சா என்ன உருகவா போகுதுன்னு எடுத்துக் கட்டிலுக்கு அடியில வச்சிட்டேன். நீங்க எடுத்துப் பாக்கற அன்னைக்குக் காலையில திரும்ப உள்ள வச்சேன். தொட்டுப் பாத்து, நல்லா ஆயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?" கதவைத் திறந்தால் சீட்டு கிழிந்திருக்குமே என்று கேட்டேன். சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டினார்களாம். அந்தச் சீட்டுக்குக் கட்டுப்பட்டு இந்த வீட்டில் ஃப்ரீசரைத் திறக்காமல் இருந்தது நான் ஒருவன்தான்.

கூடையைத் தட்டினேன், ஒரு வண்டு விழுந்தது. கைலென்ஸை எடுத்து, அதையும் ஞாயிற்றுக்கிழமை பிடித்து வைத்திருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வண்டு. எங்கள் வீட்டு மூங்கிலில் உருவாகி, உங்கள் வீட்டுக்கு மரியாதையாக வந்து, நீங்கள் வேறு எதையும் வைக்க விடாத இடத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து உங்கள் அப்பாவின் பிரம்புக்குள் இறங்கியிருக்கிறது. உங்கள் வீட்டைத் தட்டிப் பார்க்கிறேன், எல்லோரும் என்னைப் போல இருக்க முடியாது என்றெல்லாம் மேலே எழுதியிருப்பதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியே அனுப்புங்கப்பா. மேல இருக்கறதைப் படிச்சிட்டு இதைப் படிச்சாதான் மாமாவுக்குச் சிரிப்பு வரும். சிரிச்சிட்டார்னா பத்திரிகை அச்சுக்குப் போயிடும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் கேட்கிறேன். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். கையோடு அந்தக் கூடையைப் பாலிதீனில் சுற்றிக் குளிரறைக்கு அனுப்பவும். இந்தக் கடிதமும் பாலிதீனுக்குள்தான் வருகிறது. நீங்கள் படித்து, சம்பந்தியம்மாவுக்கும் படித்துக் காட்டிய பிறகு, இதையும் கூடையோடு சேர்த்து வைத்துவிடவும். கட்டில், மேசை, கதவு எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தாங்கள் தாராளமாக எங்கள் வீட்டுக்கு வரலாம், கறுப்புக் காகிதம் நான் தருகிறேன். வரும்போது பழையபடி ஐஸ்கிரீம் கொண்டுவருவதாக இருந்தால் தயவுசெய்து என் கையில் கொடுக்கவும். போன தடவை வந்தது எந்த ருசி என்று கேட்டேன், இரண்டு பேரும் இதுவரை சொல்லவில்லை.